கைநாட்டும் கல்வெட்டும்: புதுக்கோட்டையில இருந்து பின்லாந்து வரைக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு ஒரு குன்றுல இருந்து ஆரம்பிக்கலாம்.

புதுக்கோட்டை டவுன்ல இருந்து சுமார் 16 கிலோமீட்டர் போனா சித்தன்னவாசல். ஸ்கூல் டூர்ல போயிருப்பீங்க. பெரும்பாலும் எல்லாரும் அங்க ஓவியம் பார்க்கத்தான் போவாங்க. குடைவரைக் கோயிலோட கூரையில தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கிற ஆட்கள். பார்த்துட்டு, வெளியே வந்து ஒரு செல்ஃபி எடுத்துட்டு, பஸ் ஏறிடுவோம்.

அதே குன்றுல கொஞ்சம் மூச்சு வாங்க மேல ஏறினா இன்னொரு இடம் இருக்கு. பேரு ஏழடிப்பட்டம். பாறையில கால் வைக்கிறதுக்காக வெட்டின ஏழு குழிகளை வச்சுத்தான் அந்தப் பேரு. பாறையோட விளிம்பை ஒட்டி நடந்து போனா இயற்கையா அமைஞ்ச ஒரு குகை. உள்ள 17 கற்படுக்கைகள். சமணத் துறவிகள் தங்கி தவம் செஞ்ச இடம். தலை வைக்கிற பக்கம் தலையணை மாதிரி ஒரு மேடு விட்டு, வழவழன்னு இழைச்சு வச்சிருக்காங்க.

அதுல பெரிய படுக்கை ஒண்ணுல எழுத்து இருக்கு. தமிழ் பிராமி எழுத்து. சுமார் 2000 வருஷம் பழசு. அது சொல்ற செய்தி ரொம்பச் சின்னது: எருமிநாட்டுல குமுழூர்ங்கற ஊர்ல பிறந்த காவுடிக்கு, இளையர் செஞ்சு கொடுத்த இருக்கை இது.

அவ்வளவுதான். ராஜா பேரு கிடையாது, போர் கிடையாது, மெய்க்கீர்த்தி கிடையாது. யாரோ ஒரு துறவி வெளியூர்ல இருந்து வந்திருக்காரு. இங்க இருந்த ஒருத்தர் அவர் தங்க இடம் செஞ்சு கொடுத்திருக்காரு. அதைக் கல்லுல எழுதி வச்சிருக்காங்க.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, அந்தக் குமுழூர்ல வர்ற 'ழ'. அசோகர் காலத்து பிராமி எழுத்துல 'ழ' கிடையாது. தமிழ் பேசறதுக்கு அது பத்தாதுன்னு ழ, ற, ன மாதிரி எழுத்துகளை இங்க சேர்த்துக்கிட்டாங்க. இரவல் வாங்கின சட்டையைத் தன் அளவுக்கு மாத்தித் தச்ச மாதிரி. ரெண்டாவது, அந்த எருமிநாடு. அது இன்றைய மைசூர்ப் பக்கம்னு கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் கருதுறாரு. மகிஷம்னா எருமை இல்லையா? அந்த மகிஷத்துல இருந்து வந்ததுதான் மைசூர்ங்கற பேரு. ஆக, புதுக்கோட்டை மண்ணுல நமக்குக் கிடைச்சிருக்கிற மிகப் பழைய தமிழ் எழுத்துகள்ல ஒண்ணு, ஒரு விருந்தாளியைப் பத்தினது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவோம்.

நான் அங்க போனப்ப கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு ரொம்ப நேரம் பார்த்தேன். ஒரு எழுத்துகூடப் படிக்க முடியல. சரி, 2000 வருஷத்துல எழுத்து மாறிடுச்சு, நியாயம்தான்னு மனசைத் தேத்திக்கிட்டு இறங்கிட்டேன். ஆனா இறங்கும்போது இன்னொரு விஷயம் உறைச்சது. இந்தக் குன்றைச் சுத்தி இருக்கிற கிராமங்கள்ல, 1991 வரைக்கும், பெண்கள்ல பெரும்பகுதி பேருக்கு இன்னிக்குப் புழங்கற தமிழ் எழுத்தையே படிக்கத் தெரியாது. ரேஷன் கடையில, பேங்க்ல, தாலுகா ஆபீஸ்ல, எங்க போனாலும் கைநாட்டு.

மொழிக்கு வயசு 2000. அதைப் பேசறவங்க கட்டைவிரல்ல மை. இது எப்படி நடந்தது? இதுதான் இன்னிக்கு நம்ம கேள்வி. பதில் தேடறதுக்கு முன்னாடி, பின்லாந்து வரைக்கும் போயிட்டு வந்துடலாம். காரணம் இருக்கு.

எழுத்து இல்லாத மொழி, எழுதப்படாத பாட்டு

பின்லாந்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. 1856ல கால்டுவெல் திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணத்தை வெளியிட்டாரு. நம்ம மொழிகளுக்கு சொந்தம் தேடிப் போனவர் பின்னிஷ் மொழி வரைக்கும் போயிட்டாரு. ஒரு காரணம், ரெண்டுமே ஒட்டு மொழிகள். பின்னிஷ்ல 'தாலோ'ன்னா வீடு. 'தாலோஸ்ஸா'ன்னா வீட்டுல. 'தாலோஸ்ஸானி'ன்னா என் வீட்டுல. நாம 'வீடு, வீட்டில், வீட்டிலிருந்து'ன்னு ஒட்டிக்கிட்டே போறோமே, அதே வேலைதான். ஆனா அமைப்பு ஒத்துப்போனா மட்டும் சொந்தம் ஆகிடாது. பின்னிஷ் யூராலிக் குடும்பம், எஸ்தோனியன் அதுக்கு நெருங்கின உறவு. தமிழ் திராவிடக் குடும்பம். கால்டுவெல் சொன்ன அந்த உறவை இன்றைய மொழியியலாளர்கள் பொதுவா ஏத்துக்கறது இல்ல.

உறவு இல்லன்னாலும் பின்னிஷோட கதையில நமக்குப் பாடம் இருக்கு.

பின்லாந்து பல நூற்றாண்டுகள் ஸ்வீடன் ஆட்சியில இருந்தது. ஆபீஸ், கோர்ட், மேல்படிப்பு எல்லாம் ஸ்வீடிஷ், இல்லன்னா லத்தீன். பின்னிஷ் விவசாயிகள் பேசற மொழி. அதுல முதல் அச்சுப் புத்தகம் 1543 வாக்குலதான் வந்தது. மிக்கேல் அக்ரிகோலாங்கற மதகுரு எழுதின அரிச்சுவடி. அவருக்கும் நம்ம 'ழ' பிரச்சனைதான். லத்தீன் எழுத்தை வாங்கி, அதுல பின்னிஷ் ஒலியைப் பிடிக்கணும். ஒரே ஒலியை ஒரு இடத்துல ஒரு மாதிரி, இன்னொரு இடத்துல வேற மாதிரி எழுதித் திணறியிருக்காரு. 1548ல புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடிச்சாரு.

அப்புறம் 1686ல ஸ்வீடன் ஒரு சர்ச் சட்டம் போட்டது. எல்லாரும் வேதத்தைப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும். படிக்கத் தெரியலன்னா சர்ச்சுல உறுதிப்பூசுதல் கிடையாது, அது இல்லன்னா கல்யாணமும் கிடையாது. நல்லா யோசிச்சுப் பாருங்க, கல்யாணம் ஆகணும்னா எழுத்துக் கூட்டிப் படிச்சுக் காட்டணும்! இதனால நிறைய பேருக்குப் படிக்கத் தெரிஞ்சது. ஆனா எழுதக் கத்துக்கொடுக்கணும்னு யாரும் கவலைப்படல. சொல்றதைப் படி, அது போதும். நீ எழுதி எங்களுக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

1809ல ஸ்வீடன் போருல தோத்து, பின்லாந்து ரஷ்யாவோட கைக்குப் போச்சு. அந்தக் காலத்துலதான் எலியாஸ் லோன்ரூத்னு ஒரு டாக்டர் நோட்டும் கையுமா நடக்க ஆரம்பிச்சாரு. கரேலியாங்கற எல்லைப் பகுதியில கிராமம் கிராமமாப் போய், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டுக்காரங்க பாடினதை எழுதிக்கிட்டாரு. அதையெல்லாம் கோத்து 1835ல 'கலேவலா'ன்னு வெளியிட்டாரு. 1849ல விரிவான பதிப்பு: 50 பாடல்கள், 22,795 அடிகள். இதைத் தமிழ்ல படிக்கலாம், தெரியுமா? இலங்கையில இருந்து பின்லாந்து போன உதயணன், அதாவது ஆர். சிவலிங்கம், இதை மொழிபெயர்த்து 1994ல வெளியாச்சு. ஹெல்சின்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் அஸ்கோ பார்ப்போலா அதுக்கு வழிகாட்டினாரு. சிந்துவெளி எழுத்து ஆய்வுக்காக 2010 கோவை செம்மொழி மாநாட்டுல விருது வாங்கினாரே, அவர்தான்.

கலேவலா வந்ததும் பின்லாந்துல படிச்சவங்களுக்கு ஒரு அதிர்ச்சி. நாம மட்டமா நினைச்ச மொழியில இவ்வளவு இருக்கான்னு. இதுல வேடிக்கை என்னன்னா, பின்னிஷுக்காகப் போராடின தலைவர்கள்ல நிறைய பேருக்கு வீட்டு மொழி ஸ்வீடிஷ். 1863ல ரஷ்யப் பேரரசர் ஒரு ஆணை போட்டாரு: 20 வருஷத்துக்குள்ள ஆபீஸ்லயும் கோர்ட்லயும் பின்னிஷுக்கு ஸ்வீடிஷுக்குச் சமமான இடம் கிடைக்கணும்னு. 1906ல ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்களோட ஸ்வீடிஷ் பேரைப் பின்னிஷ் பேரா மாத்திக்கிட்டாங்க. 1917 டிசம்பர் 6 அன்னிக்கு சுதந்திரம் அறிவிச்சாங்க.

கேட்க நல்ல வெற்றிக் கதை மாதிரி இருக்குல்ல? இப்ப ஒரு பெண்ணைப் பத்திச் சொல்றேன். லாரின் பராஸ்கே. ரஷ்ய எல்லைப் பக்கம் பிறந்த ஏழை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா 30,000 அடிகளுக்கு மேல மனப்பாடமாப் பாடினாங்க. ஒரு மதகுரு வருஷக்கணக்கா உட்கார்ந்து அதை எழுதி எடுத்தாரு. ஓவியர்கள் அவங்களை வரைஞ்சாங்க. பெரிய இசையமைப்பாளர் சிபேலியுஸ் 1891ல அவங்க பாடினதை நேர்ல கேட்டாரு. நாட்டோட பெருமைன்னு கொண்டாடினாங்க. 1904ல வறுமையிலதான் செத்தாங்க.

மொழியைச் சுமந்தது பராஸ்கே. ஆனா அவங்க பாட்டு அச்சுல வந்தப்ப, அந்தப் பக்கத்தை அவங்களாலயே படிக்க முடியாது. இந்த இடத்துல இருந்து நாம புதுக்கோட்டைக்குத் திரும்பலாம்.

கல்லு யாருக்காகப் பேசினது?

பின்லாந்தோட பிரச்சனை எழுத்து லேட்டா வந்தது. புதுக்கோட்டையில நிலைமை நேர் எதிர். இங்க எந்தப் பாறையைத் தட்டினாலும் எழுத்து. புதுக்கோட்டை சமஸ்தானமா இருந்தப்ப, 1929ல, தன் எல்லைக்குள்ள இருந்த கல்வெட்டுகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டாங்க. 1100க்கும் மேல கல்வெட்டுகள். சின்ன சமஸ்தானம் அது, ஞாபகம் வச்சுக்கோங்க. பிறகு 1940கள்ல அதுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. இன்னிக்கும் அந்தப் பகுதியோட வரலாற்றை எழுதறவங்க யாரும் அந்தப் புத்தகத்தைத் தொடாம எழுத முடியாது.

அந்தக் கல்வெட்டுகள்ல என்ன இருக்கு? ராஜா பெருமை இருக்கு, கோயில் தானம் இருக்கு. அதோட, யார் எந்த நிலத்தை வித்தாங்க, எல்லை எது, கண்மாய்க்கு மடையும் குமிழியும் யாரு வச்சாங்க, ஊர்க்காவல் உரிமை யாருக்கு, பயந்து வந்தவங்களுக்குப் பாதுகாப்பு தர்றேன்னு எந்தத் தலைவன் வாக்குக் கொடுத்தான் என்பதெல்லாம் இருக்கு. சுருக்கமா, பத்திரப் பதிவு ஆபீஸும் போலீஸ் ஸ்டேஷனும் பொதுப்பணித்துறையும் சேர்ந்து கல்லுல உட்கார்ந்த மாதிரி. தண்ணி குறைஞ்ச மண்ணுல, யாருக்கு எவ்வளவு பாத்தியதைங்கறதை எழுதி வைக்கலன்னா அடுத்த தலைமுறையில வெட்டுக்குத்துதான். இந்த விவரமெல்லாம் பெரும்பாலும் தமிழ்ல இருக்கு. ஊர்ப் பேச்சுல புழங்குன சொற்கள் அப்படியே கிடைக்குது.

ஆனா தமிழ் தனியா இல்ல. புதுக்கோட்டையில இருந்து சுமார் 20 கிலோமீட்டர்ல குடுமியான்மலை. அங்க கோயிலுக்குப் பின்னாடி, குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில, இந்திய இசை வரலாற்றோட முக்கியமான கல்வெட்டு இருக்கு. 7 பகுதிகளா பிரிச்சு, ஸ்வரங்களை வரிசை வரிசையா செதுக்கியிருக்காங்க. எழுத்து கிரந்தம், மொழி சமஸ்கிருதம், எழுத்தமைதியை வச்சு 7ஆம் நூற்றாண்டை ஒட்டினதுன்னு சொல்றாங்க. ருத்ராசாரியாரோட மாணவரான ஒரு அரசர், கத்துக்கறவங்களோட நன்மைக்காகச் செஞ்சதுன்னு அதுலயே இருக்கு. அவ்வளவு சமஸ்கிருதமும் முடிஞ்ச பிறகு, கடைசியில திடீர்னு ஒரு வரி தமிழ். எட்டுக்கும் ஏழுக்கும் இவை பொருந்தும்ங்கற அர்த்தத்துல.

எனக்கு அந்த ஒரு வரி ரொம்பப் பிடிக்கும். பெரிய சாஸ்திரம் எல்லாம் எழுதி முடிச்சுட்டு, பக்கத்துல நிக்கிறவன்கிட்ட திரும்பி, "இது அதுக்கும் செட் ஆகும்ப்பா"ன்னு வீட்டு மொழியில சொன்ன மாதிரி இருக்கு.

அதே குடுமியான்மலைக் கோயில்ல நூத்துக்கும் மேல கல்வெட்டுகள் உண்டு. அதுல ஒரு பெண் பேரு வருது. உமையாள்வி. துர்க்கையாண்டியோட மகள், தேவரடியார். அங்க இருக்கிற மலையமங்கை அம்மன் சன்னதியைக் கட்டினது அவங்கதான். ஒரு பெண்ணோட பேரு, அவங்களைப் பெத்தவர் பேரு, அவங்க செஞ்ச வேலை எல்லாம் கல்லுல நின்னுடுச்சு. ஆனா எத்தனை பெண்களுக்கு அந்த வாய்ப்பு? கல்லுல பேரு வரணும்னா சொத்து வேணும், இல்ல கோயில்ல இடம் வேணும். கண்மாய்க்கு மண்ணு சுமந்தவங்க பேரு எந்தக் குமிழித் தூண்லயும் இல்ல. பேரு இருந்தாலும் அதைச் செதுக்கறவர் வேற, படிச்சுச் சொல்றவர் வேற. கல்வெட்டு நிறைய இருந்ததால ஊரே எழுத்தறிவோட இருந்ததுன்னு நினைச்சா, நாம நம்மளையே ஏமாத்திக்கறோம்.

காசுல தெலுங்கு

சோழர், பாண்டியர், விஜயநகர ஆட்சி எல்லாம் தாண்டி 17ஆம் நூற்றாண்டோட கடைசிக்கு வருவோம். தொண்டைமான்கள் ஆட்சி தொடங்குது. 1948 வரைக்கும் அவங்கதான்.

புதுக்கோட்டைக்காரங்க வீட்டுல பழைய டப்பாவைக் கிளறினா அம்மன் காசு கிடைக்கலாம். சின்னச் செப்புக்காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாங்க. மறுபக்கம் 'விஜய'ன்னு எழுதியிருக்கும். எந்த எழுத்துல? தெலுங்குல! நவராத்திரி சமயத்துல அரிசியோட சேர்த்து இந்தக் காசை ஜனங்களுக்குக் கொடுப்பாங்க. தமிழ் பேசற ஊர், தமிழ் பேசற ஜனம், கையில இருக்கிற காசுல தெலுங்கு.

இது ஏதோ சூழ்ச்சி இல்ல. விஜயநகர, நாயக்கர் காலத்துக்குப் பிறகு தெலுங்கு தென்னாட்டு அரசவைகள்ல மதிப்பான இலக்கிய மொழி. 18ஆம் நூற்றாண்டுல 'ஆந்திர பாஷார்ணவம்'ங்கற தெலுங்கு நிகண்டு உருவானதே புதுக்கோட்டை அரசவையோட ஆதரவுலதான். தெலுங்கு இலக்கிய வரலாற்றுல நம்ம புதுக்கோட்டைக்கு ஒரு பக்கம் உண்டு, தெரிஞ்சுக்கோங்க. அப்புறம் 19ஆம் நூற்றாண்டு. சேஷய்யா சாஸ்திரி 1878ல திவானா வந்து நிர்வாகத்தை நவீனப்படுத்தறாரு. பிரிட்டிஷ் ஏஜென்ட்டுக்கு எழுதணும், அறிக்கை அனுப்பணும், எல்லாம் இங்கிலீஷ்.

ஆக பாருங்க: பாறையில கிரந்தம், காசுல தெலுங்கு, ஃபைல்ல இங்கிலீஷ். ஆனா பின்லாந்துல ஸ்வீடிஷ்கிட்ட பின்னிஷ் தோத்து ஒதுங்கியிருந்த மாதிரி இங்க தமிழ் ஒதுங்கல. கோயில்ல, நிலத்துல, சந்தையில தமிழ் எழுத்து ஓடிக்கிட்டேதான் இருந்தது. அதனால நம்மகிட்ட ஒரு அசட்டுத் தைரியம் வந்துடுச்சு. மொழிக்கு ஒண்ணும் ஆகல, அது கல்லுல பத்திரமா இருக்குன்னு. கல்லுல பத்திரமா இருந்ததுதான். மனுஷங்க கையில இருந்ததா?

1948 மார்ச் 3 அன்னிக்கு சமஸ்தானம் இந்திய யூனியனோட சேர்ந்தது. திருச்சி மாவட்டத்தோட இணைச்சாங்க. 1974ல தனி மாவட்டமாச்சு. மாநிலத்துக்குத் தமிழ் ஆட்சிமொழியாவும் ஆகியிருந்தது. மேடையில தமிழ் முழங்கிச்சு. அதே சமயம் பெட்டிஷன் கொடுக்க வர்ற பெண்கள், ஆபீஸ் வாசல்ல எழுதித் தர்றவருக்குக் காசு கொடுத்து, அவர் என்ன எழுதினாருன்னே தெரியாம, விரலை மையில தொட்டு வச்சுட்டுப் போனாங்க. தன் தாய்மொழியில எழுதின தன் மனுவை அவங்களால படிக்க முடியல. லாரின் பராஸ்கே நம்ம ஊர்லயும் இருந்தாங்க.

1991: எழுத்து ஊருக்குள்ள வருது

இப்பதான் கதையோட முக்கியமான இடம்.

1990ல கேரளாவோட எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு மாவட்டம்னு அறிவிக்கப்பட்டது. அந்த வேகத்துல 1991ல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் தொடங்குச்சு. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கூடவே அறிவியல் இயக்கத்துக்காரங்க, ஆசிரியர்கள், காலேஜ் பசங்க, கிராமத்துல பத்தாவது படிச்சுட்டு வீட்டுல இருந்த பொண்ணுங்கன்னு ஆயிரக்கணக்கான தொண்டர்கள். சம்பளம் கிடையாது. வயல் வேலை, வீட்டு வேலை எல்லாம் முடிஞ்ச பிறகு, ராத்திரி தெருவிளக்குக்குக் கீழேயோ யார் வீட்டுத் திண்ணையிலேயோ வகுப்பு. வீதி நாடகம், பாட்டுன்னு ஊரே திருவிழா மாதிரி.

பாடத்தை 'அம்மா, ஆடு'ன்னு குழந்தைகளுக்குச் சொல்ற மாதிரி சொல்லல. பெரியவங்க வாழ்க்கையில உறைக்கிற சொற்களை எடுத்தாங்க. 'பட்டா' மாதிரி. யோசிச்சுப் பாருங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இதே மண்ணுல கல்லுல என்ன எழுதினாங்க? நிலம் யாருதுன்னு. இப்ப நிலமே இல்லாத கூலிப் பெண்கள் சிலேட்டுல எழுதற சொல் பட்டா.

கல்லுன்னதும் இன்னொண்ணு. புதுக்கோட்டை பாறை நிறைஞ்ச மாவட்டம், கல்குவாரிகள் அதிகம். அங்க கல்லுடைக்கிற வேலையில பெண்கள் நிறைய. குத்தகைக்காரர் கணக்கு எழுதுவாரு, இவங்க கைநாட்டு வைப்பாங்க. எத்தனை லோடு, எவ்வளவு கூலி, அட்வான்ஸ்ல எவ்வளவு கழிஞ்சது எதுவும் தெரியாது. அறிவொளி காலத்துல பெண்கள் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுத்தாங்க. கணக்கை அவங்களே பார்க்க ஆரம்பிச்சாங்க. கல்வெட்டுக்குப் பேர்போன ஊர்ல, கல்லை உடைச்சவங்க கைக்கு எழுத்து வந்து சேர 1991 ஆகிடுச்சு.

கூடவே சைக்கிள். வகுப்புக்குப் போகணும், ஊர் விட்டு ஊர் போய்ச் சொல்லிக்கொடுக்கணும், எப்படிப் போறது? சைக்கிள் கத்துக்கிட்டாங்க. ஊர்ல கேலி, கிண்டல், அசிங்கமான பேச்சு எல்லாம் இருந்தது. அதுக்கு நடுவுல தண்ணிக் குடம் ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம்னு பெண்கள் சைக்கிள்ல போக ஆரம்பிச்சாங்க. சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டவங்க ஒரு லட்சத்துக்கும் மேலன்னு பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்காரு. அவரோட அந்தக் கட்டுரை எட்டாம் வகுப்பு இந்திப் பாடப்புத்தகத்துல பாடமாவும் இருந்தது. டெல்லிப் பிள்ளைங்க புதுக்கோட்டைப் பெண்களைப் பத்திப் படிச்சிருக்காங்க. நம்ம பிள்ளைங்களுக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த இயக்கத்தைப் பத்தி பிரான்சிஸ் கோடிங்கற மானுடவியலாளர் புதுக்கோட்டையிலேயே தங்கி ஆய்வு செஞ்சு 2013ல ஒரு புத்தகம் போட்டாரு. அவர் கவனிச்ச ஒரு விஷயம் கையெழுத்து. புதுசா எழுதக் கத்துக்கிட்ட பெண்கள் கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொண்டு போறாங்க. கைநாட்டு வைக்காம அவங்கவங்க பேரை எழுதறாங்க. எழுத்து கோணல்மாணலா இருக்கும், ஒரு பேரு எழுத ரொம்ப நேரம் ஆகும். ஆனா எழுதறாங்க. புதுக்கோட்டையில கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது எந்தக் கட்டடம் தெரியுமா? தொண்டைமான்களோட பழைய அரண்மனை. தெலுங்குக் காசு அடிச்ச அரச குடும்பத்தோட அரண்மனைக்குள்ள, நிலமில்லாத ஒரு பெண் தமிழ்ல தன் பேரை எழுதறா. என்னைக் கேட்டா, புதுக்கோட்டையோட மொழி வரலாற்றுல சித்தன்னவாசலுக்குப் பக்கத்துல வைக்க வேண்டிய சம்பவம் இதுதான்.

உண்மையைச் சொல்லணும்னா, எல்லாம் சுபம்னு முடியல. பேரு எழுதக் கத்துக்கிட்ட எல்லாரும் பேப்பர் படிக்கிற அளவுக்கு வந்துடல. வகுப்பு நின்னதும் பயிற்சி விட்டு மறந்தவங்க உண்டு. கையெழுத்துப் போட்ட மனு எல்லாத்துக்கும் பதில் வந்துடவும் இல்ல. எழுத்து ஒரு சாவி, அவ்வளவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களும் திறக்கணும்.

திரும்பவும் அந்தக் குகைக்கு

முடிக்கிறதுக்கு முன்னாடி பின்லாந்தைப் பத்தி ஒரு விஷயம் பாக்கி இருக்கு. பின்னிஷ் ஜெயிச்ச பிறகு என்ன ஆச்சு? ஒரு நல்லது: ஸ்வீடிஷை விரட்டல. இன்னிக்கு அதைத் தாய்மொழியாப் பேசறவங்க சுமார் 5 சதவீதம்தான், ஆனாலும் அது அந்த நாட்டோட தேசிய மொழிகள்ல ஒண்ணு. ஒரு கெட்டது: வடக்குல இருக்கிற சாமி இனத்தோட பிள்ளைகளை விடுதிப் பள்ளியில சேர்த்து, பின்னிஷ்லயே படிக்க வச்சு, அவங்க மொழியை மறக்க வச்சாங்க. ஒரு காலத்துல தன் மொழி மட்டம்னு கேட்டு வளர்ந்த ஜனம், அதிகாரம் வந்ததும் இன்னொருத்தர்கிட்ட அதையே சொன்னது.

இதைக் கேட்டப்ப எனக்கு அந்த ஏழடிப்பட்டம் ஞாபகம் வந்தது. எருமிநாட்டுல இருந்து வந்த அந்தக் காவுடி என்ன மொழி பேசினாரோ. அவரைக் குறிக்கிற சொல்லே உள்ளூர்ச் சொல் மாதிரி தெரியல. அந்த இருக்கையைக் குறிக்கக் கல்வெட்டுல இருக்கிற 'அதிட்டானம்' வடக்குல இருந்து வந்த சொல். எழுத்தோ இரவல் வாங்கித் திருத்தினது. இதையெல்லாம் சேர்த்துக்கிட்டும் அது தமிழ்தான். வந்தவருக்கு இடம் கொடுத்ததால அந்த மொழி எதையும் இழந்துடல. 2000 வருஷம் கழிச்சும் அங்கயே இருக்கு.

அதனால அடுத்த தடவை யாராவது "எங்க மொழி எவ்வளவு பழசு தெரியுமா"ன்னு ஆரம்பிச்சா, தாராளமா சந்தோஷப்படுங்க, பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். கூடவே ரெண்டு கேள்வி கேளுங்க. அதை எழுதற உரிமை யாருக்கெல்லாம் இருந்தது? வெளியில இருந்து வந்தவங்களுக்கு அதுல இடம் இருந்ததா?

இன்னிக்கு உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்க வீட்டுல கைநாட்டு வச்ச கடைசி ஆள் யாருன்னு கேட்டுப் பாருங்க. பாட்டியா, கொள்ளுப்பாட்டியா? பழைய பத்திரம் இருந்தா எடுத்துப் பாருங்க. கட்டைவிரல் ரேகைக்குப் பக்கத்துல வேற யாரோ அவங்க பேரை எழுதியிருப்பாங்க. அந்த ரேகைக்கும் நீங்க இப்ப ஃபோன்ல தமிழ்ல டைப் பண்றதுக்கும் நடுவுல எத்தனை வருஷம்னு எண்ணிப் பாருங்க. ரொம்ப இருக்காது.